அரை நொடிக்குள் வர வேண்டிய குரல்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். வாலாஜாபாத்தில் பஸ் ஏறும்போதே துப்பட்டா வேர்வையில் நனைந்துவிட்டது. ஒரகடம் வந்து சேர ஒன்பதே கால். டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். மாடிப்படியில் கடைக்காரர் புது டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். நான் நுழைந்துவிட்டேன். சரவணன் கீழே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். ஆபீஸில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். கேமுக்கு நிரல் எழுதுவதும் படம் வரைவதும் அவன், சத்தமெல்லாம் நான்.

டேப்லெட் வந்துவிட்டது. பத்தில் ஒன்று மட்டும், சோதித்துப் பார்க்க. பிரஸ் கம்பெனி அனுப்பியது. பழைய சரக்கு. மெமரி குறைவு. ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, அதுவும் முதுகுப் பக்கம். சுங்குவார்சத்திரம் பக்கம் போன் கம்பெனியில் நாலு வருஷம் ஸ்பீக்கர் டெஸ்டிங்கில் உட்கார்ந்தவள் நான். இது அன்று என் மேஜைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் சிவப்புக் கூடையில் போட்டிருப்பேன்.

நிலவரம் (எனக்கே குழப்பம் வராமல் இருக்க):

- கேம்: பிரஸ் ஷாப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி. திரையில் பிரஸ் மெஷின். விரலால் தகட்டை இழுத்து உள்ளே வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், அப்புறம்தான் மெஷின் இறங்கும். கையை எடுக்காமல் இருந்தால் எச்சரிக்கைக் குரல்.
- குரல்: ஏழுமலை அண்ணன். அதே கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் வலது கையில் இரண்டு விரல் போனது. இப்போது ஸ்டோரில் கிளவுசும் இயர் பிளக்கும் எடுத்துக் கொடுக்கிறார்.
- மொத்தம் 212 வசனம். அதில் எச்சரிக்கை 31.
- சுருக்காமல் வைத்தால் 230 எம்பி. சரவணன் தரும் இடம் 25 எம்பி.
- வெள்ளிக்கிழமை கம்பெனியில் டெமோ.

"இருபத்தஞ்சுக்கு மேல ஒரு எம்பி கூட கெடையாது ஜெனி. அந்த டேப்லெட்டு மூச்சு விட வேண்டாமா? என் படத்தயெல்லாம் ஏற்கெனவே பாதியா வெட்டிட்டேம்லா?" அவனுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். கோபம் ஏற ஏற 'லா' கூடும்.

மதியம் பத்மநாபன் சார் போன். கம்பெனியின் சேஃப்டி ஆபீசர். டெமோ பார்த்து சரி சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"வாய்ஸ் எல்லாம் எதுக்கு மேடம்? ஒரு பஸ்ஸர் வச்சா போதுமே. ஸ்டாண்டர்டா இருக்கும். அவர் பேசறது கொஞ்சம் லோக்கலா இருக்குன்னு ஹெச்ஆர்ல ஃபீல் பண்றாங்க."

இங்கே வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் லண்டனிலிருந்தா வருகிறார்கள் என்று நன்றாகக் கேட்டேன், போனை வைத்த பிறகு. போனில் சொன்னது: "வெள்ளிக்கிழமை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க சார்."

"சரி. ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. வாய்ஸ் லேட்டா வந்தாலோ, தெளிவா இல்லாட்டியோ, பஸ்ஸர்தான். அப்பறம் என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

போன ஞாயிறு பகலில் ரெக்கார்டிங். ஏழுமலை அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், கல்யாணத்துக்கு வருவதுபோல. கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். முழுவதையும் படித்து முடித்துவிட்டு, செருப்பை மாட்டும்போது கேட்டார்: "என் கொரல் மெய்யாலுமே வரும்ல ஜெனிமா? எடுத்துட்டு அப்பால வேற யார்னா போட்ற மாட்டீங்களே?"

வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

ஷாம்பு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஷாம்பு வாங்கவில்லை.

நாள் முழுக்க ஃபார்மட். குரலை எந்த முறையில் சுருக்குவது என்ற ஒரே கேள்வி.

எம்பி3. ஊருக்கே தெரிந்த பேர். ஆனால் ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் துளி மௌனத்தை ஒட்டிவிடுகிறது. பாட்டுக்குப் பரவாயில்லை. எச்சரிக்கைக்கு ஆகாது. தள்ளு.

ஓபஸ். பேச்சுக்கென்றே பிறந்தது. எவ்வளவு சின்னதாக்கினாலும் மனுஷக் குரல் மனுஷக் குரலாகவே இருக்கிறது. என் மனசு இதில்தான். ஆனால் நாங்கள் கேம் செய்யும் மென்பொருளில் இது நேரடியாகக் கிடையாது. வெளியிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்ட வேண்டும். சரவணன் கையெடுத்துக் கும்பிட்டான். "வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா ஒண்ண ஒட்டி, அது எங்கெங்க ஒழுகுதுன்னு பாத்துட்டு இருக்க என்னால முடியாது தாயே." நியாயம். வருத்தத்தோடு தள்ளினேன்.

ஏடிபிசிஎம். பழைய காலத்து முறை. நாலில் ஒரு பங்காகத்தான் சுருங்கும். பின்னணியில் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வேறு. ஒரு வசனம் கேட்டதுமே ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். "அதுக்கு ஒரு நல்ல குணம் உண்டுல்லா, பிரிக்கிறதுக்கு நேரமே எடுக்காது," என்றான். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

வோர்பிஸ். எங்கள் மென்பொருளிலேயே இருக்கிறது. நன்றாகச் சுருங்குகிறது. குரலும் சுத்தம். இதுதான்.

பிறகு தர அளவு. ஒரே வசனத்தைப் பத்து விதமாகச் சுருக்கி, எது எது என்று சொல்லாமல் ஓட்டச் சொன்னேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பத்தில் ஒன்பதைச் சரியாகச் சொன்னேன். "ஒனக்கு பாம்புக் காதுலா!" என்றான். என் காதின் மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மறைக்க என்ன இருக்கிறது, இது என் நோட்டு.

ஏழுமலை அண்ணன் 'ச' சொல்லும்போது பல்லிடுக்கில் லேசாகக் காற்று போகும். அது போய்விடக் கூடாது என்று அலைவரிசையைக் குறைக்காமலே வைத்திருக்கிறேன். 212 வசனமும் வோர்பிஸில் 19 எம்பி. ஆறு எம்பி மிச்சம்! ஆளுக்கு இரண்டு போண்டா. ஹெட்போன் உறை உரிந்து கன்னமெல்லாம் கறுப்புத் தூள். அதோடுதான் டீக்கடைக்குப் போயிருக்கிறேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தது அதற்குத்தான் போல.

திரும்பும்போது பஸ்ஸில், ஷிஃப்ட் முடிந்த இரண்டு பெண்கள்:
"ஓவர்டைம் குடுத்தா வரேன்னு சொல்லு. குடுக்கலன்னா காய்ச்சல்னு சொல்லு."
"போன வாரமும் காய்ச்சல்டி."
"அப்ப வயித்து வலி."

அம்மா கேஸ் புக் செய்யச் சொல்லி இரண்டு முறை போன். நாளைக்கு.

ஆகஸ்ட் 20, புதன்

விடியற்காலை நல்ல மழை. ரோட்டில் தண்ணீர், லாரிகள் வரிசையாக நிற்கின்றன. டேப்லெட்டைப் பாலிதீன் கவரில் சுற்றிக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். கேட்டில் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். காலுக்கு இரும்பு மூக்கு வைத்த ஷூ கொடுத்தார்கள், எட்டாம் நம்பர். என் கால் ஐந்து. வாத்து மாதிரி நடந்தேன்.

பத்மநாபன் சார் இல்லை, ஆடிட். ஸ்டோர் ஜன்னலில் ஏழுமலை அண்ணன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இயர் பிளக் கொடுத்தார். "நல்லா உருட்டி உள்ள சொருகு. சும்மா ஓரத்துல வெச்சிகினா ஒண்ணுத்துக்கும் ஆவாது."

பிரஸ் ஷாப். சத்தம் காது வழியாக வரவில்லை, தரையிலிருந்து கால் வழியாக ஏறி வயிற்றுக்கு வருகிறது. டேப்லெட்டை முழு ஒலியில் காதருகே பிடித்துக் கேட்டேன். அங்கே நின்ற முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டது இரண்டு.

ஒன்று. நேற்று நாள் முழுக்க நான் காப்பாற்றிய நுணுக்கம் எதுவும் அங்கே காதில் விழவில்லை. பல்லிடுக்குக் காற்றாவது, சுத்தமாவது. பிளக்கைத் தாண்டி வருவது குரலின் நடு உடம்பு மட்டும். அமைதியான அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தேர்ந்தெடுத்தேனே தவிர, எங்கே கேட்கப் போகிறது என்று நினைத்தே பார்க்கவில்லை.

இரண்டு. தாமதம். திரையில் சிவப்பு விளக்கு எரிகிறது, மெஷின் இறங்கிவிடுகிறது, அதற்கப்புறம் குரல் வருகிறது. பத்து முறை பார்த்தேன். சில முறை கொஞ்சம் பின்னால், சில முறை அரை நொடி. நான் இறுக்கிச் சுருக்கி வைத்ததை இந்த ஏழை டேப்லெட் பிரித்து எடுத்துப் பேசுவதற்கு நேரம் பிடிக்கிறது. சூட்கேசில் அமுக்கி அடைத்த புடவை மாதிரி, உதறி மடிப்பு எடுத்தால்தான் கட்ட முடியும். ஆபீஸில் என் கம்ப்யூட்டரில் இது தெரியவே இல்லை. டேப்லெட்டில் ஓட்டிப் பார்க்காமலே போண்டா தின்றிருக்கிறோம்.

விரல் போன பிறகு வரும் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏழுமலை அண்ணன் டேப்லெட்டை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். இன்னொரு முறை வைக்கச் சொன்னார். பிறகு சத்தம் இல்லாத இடத்துக்கு, சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம், கூட்டிப் போனார். தாமதத்தைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

நான் எழுதிக்கொடுத்து அவர் பேசிய வசனம்: "தம்பி, கையை வெளியே எடுத்துடுப்பா!"

"ஜெனிமா, இத்த நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். பிரஸ்ல கைய வெச்சிகினு கீறவன யாரும் கூப்ட மாட்டாங்க. தம்பின்னாலும் சரி, பேர சொன்னாலும் சரி. கூப்ட்டா இன்னா பண்ணுவான்? திரும்பிப் பாப்பான். தலதான் திரும்பும். கை அங்கயே கீது."

"அப்ப எப்படித்தான் சொல்வீங்க?"

"கைன்னு சொல்லுவோம். அவ்ளோதான். வந்த மொத நாளே அத்தத்தான் சொல்லிக் குடுப்போம். யார் கத்துனாலும், யாருக்குக் கத்துனாலும், காதுல வுழுந்தா கைய எடுத்துடணும். தப்பா கத்திட்டா கூட யாரும் திட்ட மாட்டாங்க."

ஏன் ரெக்கார்டிங்கில் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட விதம் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்திருக்கும்.

"நீ படிச்ச பொண்ணு. கம்பெனில ஓகே பண்ணி டைப் அடிச்சி எடுத்தாந்து குடுத்த. அதுல போய் நான் இன்னாத்த சொல்றது?" கொஞ்ச நேரம் ஸ்டாண்டில் இருந்த வண்டிகளைப் பார்த்தார். "என்னிய அன்னிக்கி பேர் சொல்லித்தான் கூப்ட்டாங்க. அப்ப கால் பெடல் பிரஸ். ரெண்டு கை பட்டன் எல்லாம் அப்பறம் வந்ததுதான். டீ வந்துகீதுன்னு கூப்ட்டான். நல்ல மனசோடதான் கூப்ட்டான், பாவம்."

அந்த மனிதர், அதையே நான் எழுதிக்கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்து, அப்படியே படித்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. போன் கம்பெனி லைனில் எதற்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அக்கா தங்கச்சி போட்டு. அது மரியாதை. எங்கள் லைன் மரியாதையைக் கொண்டுவந்து பிரஸ் ஷாப்பில் வைத்துவிட்டேன். எச்சரிக்கை எழுதுவதற்கு முன்னால் அங்கே ஒரு நாள் போய் நின்றிருக்கலாம். ஒரு நாள்.

மாலை ஆபீஸில் சரவணனிடம் எல்லாம் சொன்னேன். தாமதம் அரை நொடி என்றால் குரலை அரை நொடி முன்னாலேயே கூப்பிட்டுவிடலாம் என்றான். தாமதம் ஒரே அளவாக இருந்தால் சரி. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. முன்னாலேயே கத்தினால் சரியாகச் செய்கிறவனையும் பார்த்துக் கத்தும். நாலு தரம் அப்படிக் கத்தினால் ஐந்தாம் தரம் எவன் மதிப்பான்?

சரவணன் குரலைத் தணித்துக்கொண்டான்: "பேசாம பஸ்ஸர் போட்டிருவோமா ஜெனி? அது ஒடனே அடிக்கும். வெள்ளிக்கிழம தப்பிச்சிரலாம்."

அங்கே ஏற்கெனவே எத்தனை பஸ்ஸர் தெரியுமா என்றேன். டீக்கு ஒன்று, சரக்கு தீர்ந்தால் ஒன்று, ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தால் ஒன்று, ஷிஃப்ட் முடிந்தால் ஒன்று. இன்று நான் நின்ற நேரத்தில் எத்தனையோ அடித்தன, ஒரு தலை நிமிரவில்லை. இன்னொன்றை வைத்துவிட்டு நாம் சம்பளம் வாங்கவா?

"என்கிட்ட எதுக்குக் கத்துத? பசிக்கி."

பரோட்டா. பஸ்ஸர் போட மாட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தலைக்குக் குளித்தேன், சீயக்காய் போட்டு. கேஸ் புக் செய்தாயிற்று.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒரகடம் வருவதற்குள் முடிவு. எல்லா வசனத்துக்கும் ஒரே ஃபார்மட் என்று எவன் சொன்னான்? நான்தான். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டு, நானே மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீண்ட விளக்கங்கள், 181. வோர்பிஸ். அலைவரிசையைப் பாதிக்குமேல் குறைத்தாயிற்று. விளக்கம் அரை நொடி தள்ளி ஆரம்பித்தால் யாருக்கும் எதுவும் ஆகாது.

எச்சரிக்கை, 31. ஏடிபிசிஎம். ஆம், முந்தாநாள் முகம் சுளித்து ஹெட்போனைக் கழற்றினேனே, அதேதான். கேம் திறக்கும்போதே மெமரியில் ஏற்றி வைத்துவிடுவது. பிரிக்க நேரம் வேண்டாம், கேட்டதும் வாயைத் திறக்கும். உஸ்ஸென்ற இரைச்சல் அந்தச் சத்தத்தில் கேட்கவே கேட்காது. எல்லாம் சேர்த்து ஒரு எம்பிகூட இல்லை!

மொத்தம் 13 எம்பி. சரவணனுக்கு மிச்ச 12 எம்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வெட்டின படங்களை மறுபடி ஒட்டப் போகிறானாம். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். 'நான் அன்னைக்கே சொன்னேம்லா' என்பதை மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் கேட்டுக்கொண்டேன். சொன்னது வாஸ்தவம்.

எச்சரிக்கைகளைத் திருத்தி எழுதினேன். திருத்தி எழுதினேன் என்று சொல்வதே அதிகம். கை. கால். தலை. நில்லு. 31-உம் இந்த நாலு சொல்தான், கத்தும் வேகம்தான் வேறு வேறு. அவ்வளவுதான்.

ஏழுமலை அண்ணனுக்கு மூன்றரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. நாலு மணிக்கு வந்துவிட்டார், யூனிஃபார்மோடு. ஃபேனை அணைத்தோம். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சரவணன் இறங்கிப் போய்க் கெஞ்சினான். "பத்து நிமிசம்னா கஸ்டமர் இன்னா பண்ணுவாரு, வாயால ஊதிக்குவாரா?" என்று கடைக்காரர் கேட்பது மேலே வரை கேட்டது. ஆனாலும் நிறுத்தினார்.

முதல் நாலு முறை சரியாக வரவில்லை. "கை" என்கிறார், யாரோ டாக்டரிடம் எங்கே வலி என்று காட்டுவதுபோல.

"சும்மா ரூம்ல உக்காந்துகினு சொன்னா வர மாட்டேங்குதுமா. இங்க யாரு கை இன்னா ஆவப்போவுது?"

நேற்று சோதனைக்காக டேப்லெட்டில் பிடித்துவந்த பிரஸ் ஷாப் சத்தத்தை அவர் ஹெட்போனில் ஓட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். உடம்பே வேறு மாதிரி ஆயிற்று, முட்டி லேசாக மடங்கி, கண் ஒரே இடத்தில்.

"கை!"

ஒலியளவு காட்டும் முள் சிவப்பைத் தாண்டிவிட்டது. கீழேயிருந்து டயர் கடைக்காரர் அந்த டயர்களுக்கு நடுவே எப்படித்தான் நுழைந்தாரோ, மூச்சு வாங்க மேலே ஓடி வந்தார். "இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு?" யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று புரியவைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

மைக்கைத் தள்ளி வைத்து 31-ஐயும் எடுத்து முடித்தோம். அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர்.

ஒவ்வொரு கத்தலுக்கும் முன்னால் அவர் மூச்சை இழுக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது. ஆனால் அது கால் நொடி. வெட்டினேன். திங்கட்கிழமை ஜெனி வெட்டியிருக்க மாட்டாள்.

சுருக்கி, அவருக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "பின்னாடி இன்னாமோ உஸ்ஸுன்னு கீதே?"

"ஷாப்ல கேக்காதுண்ணே."

"கேக்காதுன்னா சரி. சீக்கிரமா வருதா?"

டேப்லெட்டில் முப்பது முறை வேண்டுமென்றே கையை எடுக்காமல் விட்டுப் பார்த்தோம். முப்பது முறையும் மெஷின் இறங்குவதற்கு முன்னால் குரல். ஒரு முறைகூடத் தவறவில்லை.

பத்மநாபன் சார் மெசேஜ்: நாளை பத்து மணி, ஹெச்ஆர் மேடமும் வருகிறார்கள், பஸ்ஸர் பதிப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். காலை மீட்டிங்குக்கு வைக்கும் ஸ்பீக்கர் பெட்டியை டேப்லெட்டோடு இணைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். சரி என்றார்.

பயமாக இருக்கிறது. முப்பதும் இந்த அறையில் வந்தவை. அறையை நம்பி ஒரு தடவை ஏமாந்தாயிற்று.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வானம் சுத்தம், வெயில். கருநீல சுடிதார். இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிப் போனேன், எட்டாம் நம்பர் ஷூவுக்கு. சரவணனுக்குக் கொடுத்தது ஆறாம் நம்பர். நொண்டிக்கொண்டே வந்தான்.

மூன்றாம் லைன் ஓரத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் பெட்டி, டேப்லெட். பத்தடி தள்ளி நிஜமான பிரஸ் ஓடுகிறது. ஆபரேட்டர் பிபின், ஒடிசாக்காரர், வந்து நாலு மாதம் என்று சூப்பர்வைசர் சொன்னார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தகட்டை வைப்பது, இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்திப் பிடிப்பது, மெஷின் இறங்கி ஏறியதும் எடுப்பது. மறுபடி.

முதலில் பஸ்ஸர். பத்மநாபன் சாரே விளையாடினார். கையை எடுக்காமல் விட்டார். பஸ்ஸர் அடித்தது, நல்ல நேரத்துக்கே அடித்தது. சார் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். என் காதருகே குனிந்து கத்தினார்: "இது நம்மளுதா மேடம், அங்க அடிக்குதா?"

நம்முடையதுதான் சார் என்றேன். திரையில் மெஷின் இறங்கிக் கிடந்தது.

அடுத்து குரல். சார் தகட்டை இழுத்து வைத்தார். விரலைத் திரையிலேயே வைத்திருந்தார்.

"கை!"

சாரின் விரல் திரையிலிருந்து துள்ளி விலகியது. திரையில் மெஷின் இறங்குவதற்கு முன்னால். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் மற்றது உடனே உறைக்கவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது. அரை நிமிஷத்துக்கு முன்புவரை கால் வழியாக ஏறிக்கொண்டிருந்த சத்தத்தில் ஒரு துண்டைக் காணோம்.

மூன்றாம் லைன் பிரஸ் பாதி இறங்கிய நிலையில் நின்றிருந்தது. பட்டனிலிருந்து இரண்டு கையையும் எடுத்து நெஞ்சுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு பிபின் நின்றிருந்தார். அவருக்கு அடுத்த மெஷினும் நின்றிருந்தது. அதற்கு அடுத்ததும்.

சூப்பர்வைசர் ஓடினார். ஹெச்ஆர் மேடம், "என்ன ஆச்சு, மெஷின் ஃபால்ட்டா?" என்றார்.

"ஃபால்ட் இல்ல மேடம். கைன்னு கேட்டுது, எடுத்துட்டாங்க," என்றார் திரும்பி வந்த சூப்பர்வைசர்.

"அவருக்குத் தமிழே தெரியாதேப்பா."

"இது தெரியும் மேடம். எல்லாருக்கும் தெரியும்."

பத்மநாபன் சார் நின்றுபோன மூன்று மெஷின்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். உற்பத்தி நின்றால் அவரைத்தானே கேட்பார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பஸ்ஸர் வேணாம் மேடம். இதையே வச்சிடுங்க." பிறகு, "ஆனா இங்க வச்சு ஓட்டாதீங்க, சாமி. டிரெய்னிங் ரூம்ல, கதவ சாத்திட்டு."

சரவணன் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தான். வலித்தது.

அதற்குள் பிபின் மேஜைக்கு வந்துவிட்டார். யார் கத்தியது என்று தெரிய வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சூப்பர்வைசர் ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினார். பிபின் குனிந்து அதற்குப் பின்னால் பார்த்தார், அங்கே யாரோ ஒளிந்திருப்பதுபோல. நாலு மாதத்தில் பொறுக்கிய தமிழில் கேட்டார்: "மெஷின் இல்ல. ஆள். யாரு? யாரு சொன்னான்?"

ஸ்டோரிலிருந்து கிளவுஸ் பெட்டியோடு வந்து நின்றிருந்த ஏழுமலை அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். வலது கையைத் தூக்கினார், மூன்று விரலோடு.

"நான்தான்பா."

பிபின் அந்தக் கையைப் பார்த்தார். தன் கிளவுசைக் கழற்றிவிட்டு அதைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அவர் கிளவுசை மாட்டிக்கொண்டே லைனுக்குத் திரும்பிப் போய், இரண்டு பட்டனிலும் கையை வைத்தார். பிரஸ் இறங்கியது.